பெயிண்ட் அடிக்காத தகடு

1

இந்த ஆண்டு ஆயுத பூஜை அன்று காலை லேப்டாப்பின் மூடியில் ஒரு பொட்டு சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். எட்டரை மணிக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் மூடியைப் பார்த்தார். "ஏதோ சிந்தியிருக்கிறது" என்று டிஷ்யூ ஒன்றை எடுத்து நீட்டினார். வந்த புதிதில் என்றால் உட்கார வைத்து விளக்கியிருப்பேன். நன்றி சொல்லித் துடைத்துவிட்டேன். நெதர்லாந்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. விளக்கம் சொல்லும் ஆர்வம் அதில் எந்த ஆண்டில் தீர்ந்தது என்று குறித்து வைக்கவில்லை.

மதியம் தம்பி குமரனிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஒரு மின்பெட்டியின் திறந்த கதவு, அதன் உட்பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் இரண்டு வரி. அது என்ன வரி என்று சொல்வதற்குச் சென்ற ஆண்டில் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளைச் செய்யும் ஒரு நிறுவனத்தில் கையேடு எழுதும் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் கரண்ட் போனால் மின்விசிறியை ஓட்டும் இன்வெர்ட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தொழிற்சாலைகளில் மாட்டுவது. நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் 'டிரைவ்' என்பார்கள். வருகிற மின்சாரத்தை ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கும். வெட்டும்போது இரைச்சல் எழும். அது மனிதக் காதுக்குக் கேட்காது. பக்கத்தில் இருக்கும் அளவுக் கருவிகளுக்குக் கேட்கும். கேட்டால் அவை உளறத் தொடங்கும். அந்த இரைச்சலை எப்படி அடக்குவது என்று சொல்லும் பன்னிரண்டு பக்க அத்தியாயம் என் பொறுப்பு.

நான் ஒரு டிரைவைக்கூட என் கையால் மாட்டியதில்லை. இங்கே வருவதற்கு முன் கடலூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் எழுதி அனுப்புவதை இடத்துக்குத் தக்கபடி வெட்டுவது வேலை. இங்கே பொறியாளர்கள் எழுதித் தருவதை வெட்டுகிறேன்.

2

அப்பா சுரங்கப் பணிமனையில் ஃபிட்டர். தென்காசிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவர். நானும் குமரனும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தோம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தோம். போய் நின்று பார்க்க எங்களுக்கு அங்கே வீடு கிடையாது. பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் எனக்கு மனப்பாடம். இப்போது அவற்றை வேறு யாரோ தங்கள் முகவரியாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போதே அப்பாவின் சட்டையில் பெயிண்ட் வாசனை வந்துவிடும். கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன் மேல் சாம்பல் நிறம் ஒரு கோட். பூஜையன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். லேத்துக்கும் மோட்டாருக்கும் கிரீஸ் துப்பாக்கிக்கும் பொட்டு வைத்திருக்கும். பொரி கடலையைக் கையில் வாங்கிக்கொண்டு நாங்கள் பார்த்தது இயந்திரங்களை என்பதைவிட பெயிண்டை என்று சொல்லலாம். வேலை முடிந்தது என்பதற்கு அங்கே அடையாளம் பெயிண்ட்தான். அது வெறும் அழகுக்காக என்றும் சொல்ல முடியாது. அந்த ஈரத்துக்கும் தூசுக்கும் வெறும் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. "பெயிண்ட் அடிக்காத இரும்பு தலை சீவாம ஸ்கூலுக்குப் போற பிள்ள மாதிரி" என்று அம்மா சொல்வாள். வீட்டு ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், குமரனின் சைக்கிள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை சாம்பல் நிறம் ஆகும்.

குமரன் ஐ.டி.ஐ. முடித்து கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாகப் போனான். பர்மனென்ட் ஆகும் என்று சில ஆண்டுகள் நம்பினான். பிறகு அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான். காடாம்புலியூரில் தனலட்சுமி என்கிற தனத்தைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறிவிட்டான். சுற்றுவட்டாரத்து முந்திரித் தொழிற்சாலைகளுக்கு மின்வேலை செய்கிறான். ஊர் மாறியதில் பேச்சும் மாறிவிட்டது. டவுன்ஷிப்பில் 'வீடு' என்று சொல்லி வளர்ந்தவன் இப்போது 'வூடு' என்கிறான். அவனுக்கு என் பேச்சும் மாறிவிட்டது. போனில் ஆமாம் என்பதற்கு என்னை அறியாமல் இங்கத்திய 'யா' வந்துவிடும்.

"என்னாக்கா யா, யாங்குற. ஆமான்னு சொன்னா அந்த ஊர்ல ஃபைன் போட்ருவாங்களா?"

3

சென்ற ஆண்டு ஆகஸ்டில் அவன் வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பருப்பு உலர்த்தும் அறையின் பெரிய ப்ளோயருக்கு டிரைவ் மாட்ட வேண்டியிருந்தது. அக்கா வேலை பார்க்கும் இடத்துப் பெட்டிதான் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி வாங்க வைத்தான். என் அத்தியாயத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து மாட்டினான். மோட்டார் கேபிளின் மேலுறையாக வரும் கம்பிவலையை வாலாக முறுக்கிக் கட்டாமல், முழுச் சுற்றும் தகட்டோடு அழுந்தும்படி கிளாம்ப் போட்டான். தராசுக்குப் போகும் கேபிளை மோட்டார் கேபிளுக்கு எட்டத்தில் கொண்டுபோனான். முடித்துப் படம் அனுப்பினான்.

"உன் புக்குல கீற மாதிரியே இருக்கா, பாரு."

அப்படியேதான் இருந்தது. 'நல்லா இருக்கு' என்று பதில் போட்டேன். கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கலாம். கூட்டம் ஒன்றுக்கு நேரமாகிவிட்டது.

அதே தொழிற்சாலையில், ப்ளோயர் அறைக்கு அடுத்த அறையில்தான் தனம் எடை மேசையில் இருந்தாள். பெண்கள் தோல் உரித்த பருப்பைத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். தராசு காட்டுவதைத் தனம் நோட்டில் எழுதுவாள். அங்கிருந்து பருப்பு பேக்கிங் அறைக்குப் போகும். அங்கே வேறு தராசு, வேறு ஆள். ஒன்பது ஆண்டுகளாக அந்த மேசை அவளுடையது.

நவம்பரில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தாள். தனம் தானாக அழைப்பவள் அல்ல. குமரன் பேசி முடித்துக் கொடுத்தால் நலம் விசாரிப்பவள்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?"

"சாப்பாட்டு நேரம்தான். சொல்லு தனம்."

"ஒண்ணுமில்ல. இங்க பையத் தொறந்து காட்டச் சொல்றாங்க."

"யாரு?"

"கேட்ல வாட்ச்மேனு. மொதலாளி சொன்னாராம். மூணு நாளா காட்டிக்கினுதான் போறேன்."

"எல்லாரும் காட்டுறாங்களா?"

"எம் பை மட்டுந்தான்."

ஐப்பசி பிறந்ததிலிருந்து கணக்கு ஒத்துப்போகவில்லை என்றாள். மேசையில் அவள் எழுதும் எடைக்கும் பேக்கிங்கில் வரும் எடைக்கும் தினமும் வித்தியாசம். பேக்கிங்கில் குறைகிறது. நடுவில் இருப்பது ஒரு நீளமான தாழ்வாரமும் தனமும்.

"மோர் சோறும் ஊறுகாயுந்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சாரு. டப்பாவ மூடிக்கூடத் தரல. இவருகிட்ட சொல்லல அண்ணி. சொன்னா போயி சண்ட போடுவாரு. அவருக்கும் வேல போயிடும்."

"திங்கக்கெழமைக்குள்ள பருப்பு எங்க போச்சுன்னு சொல்லணும்னாரு மொதலாளி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று வெள்ளி. என் ரொட்டியில் பாதி மீதி இருந்தது. ஒரு மணிக்குக் கூட்டம் இருந்தது. போனேன்.

4

எனக்குத் தராசு வேலை தெரியாது. ஆனால் தராசு, பக்கத்து அறை, டிரைவ் என்ற மூன்று சொற்களும் ஒரே பத்தியில் வருவதை ஆண்டுக்கணக்காகத் திருத்தி வருகிறேன். மாலை குமரனை அழைத்து, பை விஷயத்தைச் சொல்லாமல், தராசைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"தராசு கெட்டுப்போச்சோன்னுதான் கம்பெனி ஆளக் கூட்டியாந்தோம். அவன் காலையில ஏழு மணிக்கு வந்து கல்லு வெச்சுப் பாத்தான். கரெக்டா காட்டுது."

"ஏழு மணிக்கு ப்ளோயர் ஓடுமா?"

"எட்டு மணிக்குத்தான் போடுவோம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"இல்லக்கா. நீ எங்க வரன்னு தெரியுது. எல்லாம் உன் புக்குப்படிதான் செஞ்சேன். எர்த்து பக்காவா கீது. மீட்டர் வெச்சா பீன்னு கத்துது."

"இப்ப இருக்கிறபடி ஒரு படம் எடுத்து அனுப்பு."

சனிக்கிழமை காலை படம் வந்தது. ஆகஸ்ட் படத்தையும் இதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாளிதழில் அச்சுக்குப் போகும் முன் பழைய பக்கத்தையும் திருத்திய பக்கத்தையும் இப்படித்தான் வைத்துப் பார்ப்போம். படித்தால் கண்ணுக்குத் தெரியாது. படிக்காமல் பார்க்க வேண்டும். கேபிள்கள் அதே இடத்தில். கிளாம்புகள் அதே இடத்தில். ஆகஸ்டில் டிரைவுக்குப் பின்னால் இருந்த தகடு வெள்ளிபோல மினுங்கியது. நவம்பரில் சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பல் நிறத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"குமரா, தகட்டுக்கு பெயிண்ட் அடிச்சியா?"

"ஆயுத பூஜைக்கு அடிச்சேன். ஓரத்துல துரு வர ஆரம்பிச்சுது. எல்லாத்தையும் கழட்டி, ஆக்சைடு ஒரு கோட்டு, கிரே ஒரு கோட்டு. பூஜைக்கு மொதலாளி வந்து பாத்துட்டு புதுசு மாதிரி கீதுன்னாரு."

"கழட்டின எல்லாத்தையும் மறுபடி அந்த பெயிண்ட் மேலயே மாட்டிட்ட."

"பின்ன? எர்த் ஒயர் தனியா கீதேக்கா. போல்ட்டும் கீது."

அவன் சொன்னது தப்பில்லை. ஷாக் அடிக்காமல் காப்பதற்கு அந்த ஒயர் போதும். மீட்டரும் அதைத்தான் பார்த்துக் கத்துகிறது. டிரைவின் இரைச்சல் வேறு வகை. அதற்கு ஒற்றை ஒயர் குறுகலான சந்து. டிரைவின் முதுகு முழுவதும் வெறும் உலோகத்தில் ஒட்டி இருந்தால்தான் வந்த வழியே திரும்பிப் போகும். கிளாம்பும் அப்படியே. நடுவில் மெல்லிய பெயிண்ட் இருந்தாலும் அது வேறு வழி தேடும். பக்கத்து அறையில் தராசின் கேபிள் இருக்கிறது.

இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப ப்ளோயர் ஓடச்சொல்ல தராசு அதிகமா காட்டுது."

"அப்படித்தான் தோணுது."

"பேக்கிங் ரூம் தள்ளி கீது. அங்க கரெக்டா காட்டுது." பிறகு, "தனத்த எதுனா கேட்டாங்களா?" என்றான்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பையைப் பற்றிச் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "மூணு நாளா?" என்று மட்டும் கேட்டான்.

5

இங்கே ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. அன்று கையேட்டை மேசையில் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். நடந்ததைச் சொன்னேன்.

"தனம்னா யாரு?" என்றாள்.

"உன் அத்தை. குமரன் மாமாவோட வைஃப்."

"ஓ, அந்த முந்திரி அத்தையா?" ஆண்டுதோறும் ஒரு டப்பா முந்திரி வருகிறது. அனுப்புகிறவளுக்கு அந்த டப்பாதான் பெயராகி இருந்தது. திருத்தலாமா என்று யோசித்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அவள் கையேட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் விரல் வைத்திருந்த வரியைப் படித்தாள். 'பின்தகடு பெயிண்ட் இல்லாத வெறும் உலோகமாக இருக்க வேண்டும்.' அடுத்த வரி கேபிள்களைப் பற்றியது.

"இதுல ஏன்னு இல்லையே" என்றாள் தமிழில். பிறகு டச்சில், காரணம் எழுதாமல் விட்டால் தங்கள் பள்ளியில் பாதி மதிப்பெண் போய்விடும் என்றாள்.

சாப்பாடு முடிந்து பழைய வரைவைத் தேடினேன். பொறியாளர் எழுதித் தந்ததில் இன்னொரு வாக்கியம் இருந்தது. 'பெயிண்ட் இருந்தால், எர்த் இணைப்பு சரியாகத் தெரிந்தாலும் அருகிலுள்ள கருவிகள் தவறாக அளக்கக்கூடும்.' அதன்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் முதலெழுத்து. பதினொரு மொழிகளில் அச்சாகும் கையேட்டில் ஒரு வாக்கியம் கூடினால் சில மொழிகளில் பக்கம் தள்ளிவிடும். கட்டளை இருக்கிறது, காரணம் எதற்கு என்று வெட்டியிருக்கிறேன். வெட்டிய நாள்கூட எனக்கு நினைவில்லை.

சுரங்கத்து வேலியில் 'உள்ளே வராதே' என்று எழுதியிருக்கும். ஏன் என்று எழுதியிருக்காது. நாங்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஏன் என்று கேட்காமலே ஆகஸ்டில் குமரன் அந்த வரிக்குக் கீழ்ப்படிந்தான். அக்டோபரில் துருவைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கீழ்ப்படிந்தான். காரணம் தெரிந்திருந்தால் ஒன்றை ஒன்றோடு நிறுத்துப் பார்த்திருப்பான். அவனுக்கு அந்த வாய்ப்பை நான் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இதையும் சொன்னேன்.

"வுடுக்கா. பெயிண்ட் அடிச்சது என் கை" என்றான். பிறகு, "ஆனா அந்த வரி இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டேன்" என்றான். இரண்டையும் ஒரே குரலில் சொன்னான்.

6

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. குமரன் சாவி வாங்கிக்கொண்டு போனான். முதலில் எதையும் கழற்றாமல், தராசில் இரண்டு கிலோ கல்லை வைத்துவிட்டு ப்ளோயரைப் போட்டான். எண்கள் ஏறி இறங்கின. ஏறியதே அதிகம். அதை வீடியோ எடுத்தான். பிறகு டிரைவைக் கழற்றி, அதன் முதுகு படும் இடத்திலும் கிளாம்புகள் படும் இடத்திலும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை பெயிண்டைச் சுரண்டினான். ஆக்சைடு லேசில் வரவில்லையாம். "நல்லா அடிச்சிருக்கேன்" என்றான். மறுபடி மாட்டி, ப்ளோயரைப் போட்டு, இரண்டாவது வீடியோ எடுத்தான். இரண்டு கிலோ இரண்டு கிலோவாகவே நின்றது.

திங்கட்கிழமை தனம் வருவதற்கு முன்பே போய் முதலாளியிடம் இரண்டு வீடியோவையும் காட்டினான். தப்பு தன்னுடையது என்று சொன்னான். மதியம் என்னிடம் ஒப்பித்தான்.

"'ஏன்டா குமரா, அப்ப இத்தினி நாளா எம் பருப்பத் தின்னது நீ அடிச்ச பெயிண்ட்டா?'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பருப்ப எவனும் தின்னலீங்க. இல்லாதத இருக்குன்னு தராசு சொல்லிக்கினு இருந்துச்சு. அத தனம் எழுதிக்கினு இருந்துச்சுன்னேன். சிரிச்சாரு. இனிமே பை காட்ட வேணாம்னு சொல்லிட்டாரு. வேலைக்கும் ஒண்ணும் இல்ல."

"தனம் என்ன சொல்லுது?"

போனைக் கொடுத்தான்.

"மேசைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன் அண்ணி. நான் தோல் உரிக்கிற பக்கம் போயிட்டேன்."

"உன் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சே தனம்."

"ஆயிடுச்சு. பையத் தொறந்தத கேட்ல அத்தினி பேரும் பாத்தாங்க. தப்பில்லன்னு ரூமுக்குள்ளதான் சொன்னாரு."

நாளிதழிலும் அப்படித்தான். செய்தி முதல் பக்கத்தில் வரும். வருந்துகிறோம் என்பது ஏழாம் பக்கத்து மூலையில் வரும். அந்த மூலையை நான் பலமுறை நிரப்பியிருக்கிறேன்.

7

வெட்டிய வாக்கியத்தை மீண்டும் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். அதற்கொரு படிவம் உண்டு. யாருக்காவது காயமா? இல்லை. தீ, பொருட்சேதம்? இல்லை. உற்பத்தி நின்றதா? இல்லை. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் விண்ணப்பம் தானாகவே 'அவசரமற்றது' என்ற வரிசைக்குப் போய்விடும். ஒரு பெண் மூன்று நாள் பையைத் திறந்து காட்டினாள் என்பதை எழுதக் கட்டம் இல்லை. 'பிற' என்ற கட்டத்தில் எழுதினேன். கையேட்டுக்குத் தொடர்பில்லாத தகவல் என்று அதை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னார்கள். நீக்கினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் அந்தப் பதினொரு மொழிகளில் தமிழ் இல்லை.

இனி ஆயுத பூஜையன்று வந்த புகைப்படம்.

பெட்டியின் வெளிப்பக்கம் புது பெயிண்ட். கதவில் சந்தனம், குங்குமம். கீழே பொரி. தகட்டில் டிரைவ் இருக்கும் இடம் மட்டும் வெறும் உலோகம். துரு ஏறாமல் ஓரத்தில் வாசலின் தடவியிருப்பதாகக் குமரன் எழுதியிருந்தான். கதவின் உட்பக்கத்து வரிகள் அவன் கையெழுத்தில் இல்லை. அவன் எழுத்து சாய்ந்து விழும். இவை ஒன்பது ஆண்டுகள் நோட்டில் எடை எழுதிய கை எழுதிய உருண்டை எழுத்துகள்.

'இந்தத் தகட்டில் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் பக்கத்து அறையில் இருப்பவர் மேல் பழி விழும்.'

உதவி ஆசிரியரின் கண்ணோடு இரண்டு முறை படித்தேன். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.